ஜெயமணியின் குலவையும் பாலைவனத்துத் தூசியும்

ஓசூரில் அந்தத் தெருக்காரர்களுக்குக் குலவை என்றால் என்னவென்று அப்போது தெரியாது. தெலுங்கு பேசுகிற வீடும் கன்னடம் பேசுகிற வீடும் சுவரை ஒட்டிச் சுவராக இருக்கிற தெரு. கல்யாணம் என்றால் மேளம் உண்டு, பூ உண்டு, பப்பும் சாதமும் உண்டு. ஆனால் ஒரு பெண்பிள்ளை வாயைத் திறந்து, நாக்கைச் சுழற்றி, ஒரே மூச்சில் தெருக்கோடி வரைக்கும் குரல் கொடுப்பாள் என்பது ஜெயமணி குடிவந்த பிறகுதான் அங்கே தெரிந்தது.

ஜெயமணிக்கு அருப்புக்கோட்டைப் பக்கம். புருஷன் கந்தனுக்குச் சிப்காட்டில் ஒரு வார்ப்புக் கம்பெனியில் வேலை கிடைத்ததும் ஒரு தகரப்பெட்டியும் ஒரு பாயுமாக வந்து இறங்கினவள். லட்சுமியம்மாளின் மாடிவீட்டுக்குப் பின்னால் இருந்த வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருந்தார்கள். வந்த புதிதில் பக்கத்து வீட்டுப் பெண் பெரியவளானாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போது, ஊர்ப் பழக்கத்தில் ஜெயமணி ஒரு குலவை போட்டாள் பாருங்கள்! எதிர்வீட்டுக்காரர் சாப்பிட்ட கையோடு ஓடிவந்தார். முக்கில் இருந்த கம்பெனியின் வாட்ச்மேன், ஷிப்டு சங்குதான் ஊதிவிட்டது என்று கேட்டைத் திறந்துவிட்டார். லட்சுமியம்மாள் நெஞ்சில் கைவைத்துக்கொண்டு மாடியிலிருந்து இறங்கி வந்தாள்.

"யாருக்கு என்னாச்சு? யாரு போனது?"

"யாரும் போகலம்மா. சந்தோசத்துக்குப் போட்டேன்."

"சந்தோசத்துக்கா? ஏம்மா, இதுவே சந்தோசம்னா துக்கத்துக்கு உங்கூர்ல எப்படிக் கத்துவீங்க?"

அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டார்கள். அதற்கப்புறம் அந்தத் தெருவில் வளைகாப்பா, மஞ்சள் நீராட்டா, கிரகப்பிரவேசமா, எதுவானாலும் ஜெயமணி வராமல் நடக்காது. "கொலவக்கார அம்மா வந்தாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஐயர் தேங்காயையே உடைப்பார். அவளும் சும்மா போய் நிற்கமாட்டாள். தலைசீவிப் பூவைத்து, தொண்டையைக் கனைத்து, இடுப்பில் கையை ஊன்றி நின்றுகொள்வாள். பாட்டுக்காரிகளுக்கு இருக்கிற அத்தனை கெத்தும் அவளுக்கும் இருந்தது. இல்லையா பின்னே?

குலவை சோறு போடாது அல்லவா. சோற்றுக்கு அவள் செய்தது வேறு வேலை. பெங்களூர் போகும் பெரிய சாலையோரம், லாரிகள் நிற்கிற இடத்தில், சின்னராஜ் என்பவர் ஒரு தகரக் கொட்டகை போட்டிருந்தார். லாரியின் இஞ்சினுக்கும் மூச்சு உண்டு. அது மூச்சு இழுக்கும்போது தூசி உள்ளே போகாமல் இருக்க, மடிப்பு மடிப்பாகக் காகிதம் வைத்த ஒரு டப்பா இருக்கும். ஏர் ஃபில்டர் என்பார்கள். அதைக் கழற்றி, டயர்மேல் தட்டி, உள்பக்கமிருந்து கம்ப்ரஸர் காற்றை அடித்துச் சுத்தம் செய்வதுதான் ஜெயமணியின் வேலை. ஒரு ஃபில்டரைத் தட்டினால் ஒரு கிண்ணம் தூசி விழும். முகமெல்லாம் மாவு சலித்தவள் மாதிரி ஆகிவிடும்.

"வாயில துணி கட்டிக்க ஜெயமணி" என்று சின்னராஜ் சொல்லாத நாளில்லை.

"வாயக் கட்டிட்டா நான் எப்படிண்ணே பேசுறது?"

"அதுக்குத்தான் கட்டச் சொல்றேன்."

"மண்ணு என்னண்ணே பண்ணும்? சின்னப்புள்ளைல மண்ணத் தின்னு வளந்தவ நானு. பாம்புக்கடிக்கே எங்கூர்ல மண்ணத்தான் அப்புவாக."

தூசியின் நிறத்தைப் பார்த்து லாரி எங்கிருந்து வருகிறது என்று சொல்வது அவளுக்கு ஒரு விளையாட்டு. சிவப்பென்றால் பெல்லாரி, வெள்ளையென்றால் கிருஷ்ணகிரிக் கல்குவாரி, இளமஞ்சளாய் முகப்பவுடர் மாதிரி வழவழவென்று இருந்தால் ராஜஸ்தான். பாதி நாள் சரியாக இருக்கும். ஒருநாள் ஒரு டிரைவரிடம், "என்ன தம்பி, ராஜஸ்தான்ல ரொம்ப வெயிலோ?" என்று கேட்டாள். "நான் சூளகிரியத் தாண்டிப் போனதே இல்லக்கா, செங்கல்சூளை வண்டி" என்றான் அவன். அதைச் சொல்லிச் சொல்லிச் சின்னராஜ் ஒரு மாசம் சிரித்தார்.

ராஜஸ்தான் தூசி என்று அவள் நம்பினதை மட்டும் வீணாக்கமாட்டாள். டப்பாவில் சேர்த்து வீட்டுக்குக் கொண்டு வருவாள். புளியைக் கரைத்து, இந்தத் தூசியைத் தொட்டுப் பித்தளையைத் தேய்த்தால் கண்ணாடி மாதிரி மின்னும். லட்சுமியம்மாள் வீட்டுக் குத்துவிளக்கெல்லாம் அப்படி மின்னினவைதான். வரிசை வீட்டுப் பெண்கள் கிண்ணத்தோடு வந்து, "அக்கா, ராஜஸ்தான் பவுடர் இருக்கா?" என்று வாங்கிப்போவார்கள்.

இப்படி இருக்கும்போது லட்சுமியம்மாளின் மகள் சத்யப்ரியாவுக்குத் தளியில் மாப்பிள்ளை அமைந்தது. சத்யப்ரியா படித்த பெண். கம்பெனிகளின் காற்றை அளந்து சொல்கிற ஒரு சின்ன ஆபீசில் வேலை. மொட்டைமாடியில் ஒரு மெஷினை வைப்பாள். அது நாளெல்லாம் காற்றை உறிஞ்சும். உள்ளே வைத்த வெள்ளைக் காகிதத்தில் தூசி படியும். அதை எடுத்துக்கொண்டுபோய் எடை போடுவார்கள். "அடி பாப்பா, நீயும் நானும் ஒரே வேலதான். நீ மாடியில ஃபில்டர் மாட்டுற, நான் ரோட்டுல தட்டுறேன்" என்பாள் ஜெயமணி. "ஆமாக்கா, எனக்கு ஃபேன் இருக்கு, உனக்கு இல்ல. அவ்வளவுதான் வித்தியாசம்" என்பாள் அவள்.

நிச்சயதார்த்தத்துக்கு மாப்பிள்ளையின் அம்மா மங்கம்மா வந்தாள். கன்னடம் கலந்த தமிழும், கெட்டிக் காப்பும், கெட்டிக் குரலுமான மனுஷி. தன் ஊரின் வாலகத்தைப் பற்றிப் பெருமை பேசினாள். வாலகம் என்றால் அவர்கள் பக்கத்து நாதஸ்வரமும் மேளமும். "நம்ம வாலகம் ஊதினா மண்டபமே ஆடும் ரீ" என்றாள், அவர்கள் பக்கத்து மரியாதைச் சொல்லான 'ரீ'யையும் சேர்த்து.

லட்சுமியம்மாளால் பொறுக்க முடியவில்லை. "எங்க பக்கத்துல ஜெயமணி இருக்கா. கொலவ போட்டான்னா, மூணு முடிச்சும் விழற வரைக்கும் மூச்சே விடமாட்டா."

"ஹௌதா?" என்று மங்கம்மா புருவத்தைத் தூக்கினாள். அவர்கள் பேச்சில் அதற்கு 'அப்படியா' என்று அர்த்தம். ஆனால் அவள் கேட்ட தோரணைக்கு 'பொய்' என்று அர்த்தம். "ஒத்த ஆளு? வாலகத்துக்கு நடுவுல அவங்க சத்தம் எங்க ரீ கேக்கும்?"

தட்டை ஏந்திக்கொண்டு நின்ற ஜெயமணி சும்மா இருந்திருக்கலாம். இருப்பாளா? "கேக்கும்மா. தேன்கனிக்கோட்டை வரைக்கும் கேக்கும். நடுவுல மூச்சு வாங்கினேன்னா, அப்புறம் ஒரு நல்லது கெட்டதுக்கும் வாய் திறக்க மாட்டேன்."

வார்த்தை வெளியே போய்விட்டது. தளியிலும் ஓசூரிலும் இரண்டு வீட்டாரும் அதையே பேசினார்கள்.

சித்திரைக் கடைசியில் ஒருநாள் வானம் மஞ்சளாக விடிந்தது. சூரியன் தேய்க்காத பித்தளைத் தாம்பாளம் மாதிரி தொங்கியது. கண் கூசாமல் நேராகப் பார்க்க முடிந்தது. எதிர்க்கட்டிடம் ஒரு மெல்லிய திரைக்குப் பின்னால் நிற்பதுபோல நின்றது. சின்னராஜ் பேப்பரைப் பார்த்துச் சொன்னார்: "மேற்க எங்கயோ பாலைவனத்துல கிளம்பின புழுதியாம். காத்துல மெதந்து இவ்ளோ தூரம் வந்துடுச்சாம்."

ஜெயமணிக்கு ஒரே சந்தோஷம். "அட, நம்ம சரக்கு! லாரி இல்லாமலே வந்துருச்சாண்ணே?"

வீட்டுக்கு வந்ததும் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். லட்சுமியம்மாளின் மொட்டைமாடி, அதை ஒட்டின மாடி, அதற்கடுத்த மாடி என்று சந்துவிடாமல் பெருக்கினாள். பெருக்கப் பெருக்கப் புகைமாதிரி எழுந்தது. பால்பவுடர் டப்பா ஒன்று நிறைய அள்ளிவிட்டாள். கல்யாணச் சீருக்கு வைத்திருந்த பித்தளைக் குடத்தையும் அண்டாவையும் இதை வைத்தே தேய்த்துக் கொடுத்துவிடலாம் என்று கணக்கு.

மறுநாள் புளியோடு சேர்த்துத் தேய்த்தாள். குடம் மின்னவில்லை. கறுப்புக் கறுப்பாய் இழுகியது, அடுப்புக் கரியும் எண்ணெயும் கலந்த மாதிரி. இன்னும் கொஞ்சம் அள்ளிப்போட்டுத் தேய்த்தாள். இன்னும் கறுத்தது. உள்ளங்கை எரிந்தது.

"என்னாத்துக்கு இப்படிக் கரி பூசுறே?" என்று லட்சுமியம்மாள் மாடிப்படியிலிருந்து எட்டிப்பார்த்தாள்.

"புளி சரியில்லம்மா" என்றாள் ஜெயமணி, இருமிக்கொண்டே.

அந்த இருமல் நிற்கவில்லை. சாயங்காலம் துணி துவைக்கிற கல்லருகே யாரும் இல்லாத நேரம் பார்த்து ஒரு குலவை போட்டுப் பார்த்தாள். பாதியில் அறுந்தது. சைக்கிள் டியூபில் காற்று இறங்குகிற சத்தம்தான் மிச்சம். இன்னொரு தடவை போட்டாள். இப்போது பாதிகூட வரவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கல்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

வேலை முடிந்து வந்த கந்தன் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான். "ஏ புள்ள, உன் நெஞ்சுக்குள்ள என்ன எலி கத்துது?"

"எலியுமில்ல, பூனையுமில்ல. ஓசூர்க் குளிரு சேரல."

"சித்திரை மாசத்துல ஓசூர்ல என்னாடி குளிரு?"

"அப்ப அந்தத் தளிக்காரம்மா கண்ணு பட்டுருச்சு."

கண்ணேறுதான் என்று முடிவுகட்டி, மிளகாயும் உப்பும் சுற்றி, மூடின வீட்டுக்குள்ளேயே அடுப்பில் போட்டாள். மிளகாய்க் கமறல் வீட்டை நிரப்ப, கந்தன் லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு தெருவுக்கு ஓடினான். ஜெயமணி ஓடவும் முடியாமல் வாசற்படியிலேயே சரிந்தாள். கண்ணில் நீர், வாயில் இருமல். அப்போதும், "பாத்தீகளா, எம்புட்டுக் கண்ணு" என்றாளே தவிர, தூசியை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வானம் மஞ்சளாகவே இருந்தது. ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போனாள். ஒரு ஃபில்டரைத் தட்டுவாள், தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கல்யாணம் நெருங்கிக்கொண்டு வந்தது. லட்சுமியம்மாள் பார்க்கிறவரிடமெல்லாம், "தளியில காட்டறோம் பாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அதைக் கேட்கும்போதெல்லாம் ஜெயமணி சொல்லிவிடலாம் என்று வாயெடுப்பாள், இருமல்தான் வரும்.

ஒருநாள் மாடிப்படியில் பாதி ஏறி உட்கார்ந்திருந்தவளை சத்யப்ரியா பார்த்துவிட்டாள்.

"என்னக்கா, படியில உக்காந்திருக்கே?"

"சும்மா காத்து வாங்குறேன் பாப்பா."

"வாங்கற மாதிரி தெரியலையே. காத்து உள்ளயே போகல." சத்யப்ரியா பக்கத்தில் உட்கார்ந்தாள். மூலையில் இருந்த டப்பாவைப் பார்த்தாள். "இது என்ன?"

"ராஜஸ்தான் பவுடர். வானத்துல வந்தது. மாடியில பெருக்குனேன்."

சத்யப்ரியா தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ அக்கா! இந்த வாரம் என் மெஷின்ல காகிதம் எப்படி வந்துச்சு தெரியுமா? எப்பவும் சாம்பல் கலர்ல வரும். இந்த வாரம் காப்பிப்பொடி கலர். எடை தூக்கிடுச்சு. நீ அதையே துடைப்பத்தால கிளப்பி மூக்குல ஏத்தியிருக்கே."

"அடி, மண்ணுதானடி அது! வருசக் கணக்கா லாரி ஃபில்டர்ல தட்டி முழுங்குறேன், ஒண்ணும் பண்ணல. இப்ப மட்டும் என்னவாம்?"

"அது ஒண்ணும் பண்ணலேன்னு யாரு சொன்னா? அதுவும் உள்ள சேந்திருக்கும். ஆனா இது அதவிட மோசம். சரி, ஒண்ணு கேக்கறேன். வெறும் கைய மாவுல விட்டா என்ன ஆகும்?"

"கொஞ்சம் ஒட்டும். தட்டினாப் போயிரும்."

"எண்ணெய்க் கைய விட்டா?"

"அப்பிக்கும்."

"அந்தத் தூசி கிளம்பறப்போ வெறும் கைதான். ஓசூருக்குள்ள வந்ததும் லாரிப் புகை, கம்பெனிப் புகை எல்லாம் அது மேல ஏறி அப்பிக்குது. ஒரு தூசி, மேல ஒரு பூச்சு. நீ குடம் தேய்ச்சியே, கறுப்பா வந்துச்சே, அந்தப் பூச்சுதான் அது."

ஜெயமணி உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னும் இருக்கு. பித்தளைக்கு ஏன் புளி போடறே?"

"புளிப்புப் பட்டாத்தானடி களிம்பு இளகும்."

"புகையிலயும் ஒரு புளிப்பு இருக்குக்கா. ஆசிட்னு சொல்வாங்க. மண்ணுக்குள்ள இரும்பு, அது இதுன்னு என்னென்னவோ இருக்கு. சும்மா இருக்கறப்போ அது பாட்டுக்கு இறுகிக் கிடக்கும். இந்தப் புளிப்புல ஊறினா இளகி வெளிய வரும். அது நெஞ்சுக்குள்ள போனா உன் நெஞ்சத்தான் தேய்க்கும்."

ஜெயமணி டப்பாவின் மூடியை எட்டி அழுத்தினாள். "அப்ப மண்ணு மேல தப்பில்ல. அது சேந்த சேர்மானம்தான் சரியில்ல" என்றாள்.

"நீ எப்படியாவது மண்ண விட்டுக்கொடுக்காம பேசு. ஆஸ்பத்திரிக்கு வா."

டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, வாயில் வைத்து அழுத்தி உறிஞ்சுகிற ஒரு மருந்துக் குழல் கொடுத்தார். தூசி வேலையில் வாயைக் கட்டாமல் இருந்ததற்குத் திட்டினார். வெளியே வந்ததும் ஜெயமணி சத்யப்ரியாவைப் பிடித்துக்கொண்டாள். "எங்கப்பன்கூட பீடி குடிச்சதில்ல. நான் இத உறிஞ்சணுமாக்கும்? தெருவுல பாத்தா என்ன சொல்லுவாக?" வீட்டுக்கு வந்து அரிசிப் பானைக்குள் புதைத்துவிட்டாள். அரிசி அளக்கப்போன கந்தன் கையில் அது வந்தது. அவன் உலை வைத்தான், சோறு வடித்தான், சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் அப்பளம் வைக்கிற மாதிரி அந்தக் குழலை வைத்தான். "இத மொதல்ல முழுங்கு. அப்புறம் சோறு" என்றான். அவள் சிரித்துவிட்டாள். சிரிப்பு இருமலாயிற்று. இருமல் அடங்கினதும் குழலை எடுத்து உறிஞ்சினாள்.

கொஞ்சம் தேவலையானது. ஆனால் குலவைக்கு வேண்டிய மூச்சு வரவில்லை. அந்த வாரம்தான் மங்கம்மாவிடமிருந்து போன் வந்தது. நிச்சயத்தில் ஜெயமணி சுற்றின கைமுறுக்கு நாக்கிலேயே நிற்கிறதாம். கல்யாணப் பலகாரத்துக்கு ஒரு வாரம் முன்னாடியே அந்தக் கையைத் தளிக்கு அனுப்ப முடியுமா?

"எதிராளி வீட்டுக்கா?" என்று கொதித்தாள் லட்சுமியம்மாள். "இங்க இருந்து ஆளைக் கூட்டிப்போய் அங்க என்ன பண்ணுவாங்களோ! தொண்டையில எதையாவது போட்டுடப் போறாங்க."

"அம்மா, சும்மா இரு. அக்கா போகட்டும்" என்றாள் சத்யப்ரியா. அவள் கணக்கு வேறு. தளி மலைப்பாங்கான ஊர். கம்பெனி இல்லை, லாரி அதிகமில்லை. சின்னராஜும், "போயிட்டு வா. நீ இருமற இருமல்ல எனக்குக் கம்ப்ரஸர் சத்தமே கேக்கல" என்று அனுப்பிவைத்தார்.

பஸ் தளியை நெருங்கும்போதே காற்று சில்லென்றது. ரோட்டோரம் முட்டைக்கோசு, பூந்தோட்டம், கேழ்வரகுக்கு உழுதுபோட்ட செம்மண். இறங்கி நிமிர்ந்து பார்த்த ஜெயமணிக்கு முகம் தொங்கிப்போயிற்று. தளி வானமும் அதே மஞ்சள். மங்கம்மா வீட்டு டிராக்டர்மேல் அதே இளமஞ்சள் பூச்சு. இதற்கு ஓசூரிலேயே இருந்திருக்கலாமே என்று நினைத்துக்கொண்டாள்.

ஆனால் நாளாக ஆக இருமல் குறைந்தது. மாவு பிசைந்தாள், முறுக்குச் சுற்றினாள், மாட்டுக்குத் தவிடு கலந்தாள். இரண்டு வேளையும் மறைவாகக் குழலை உறிஞ்சினாள். வானம் என்னவோ மஞ்சளாகத்தான் இருந்தது. நெஞ்சில் எலி மட்டும் கத்தவில்லை.

அவளுக்கு அப்போது ஒரு யோசனை வந்தது. ஈரத்துணியால் டிராக்டர்மேல் இருந்த தூசியைத் துடைத்தாள். தூசி மூக்குக்கு வரவில்லை, துணியிலேயே நின்றது. கொஞ்சம் புளியைத் தொட்டு, அந்தத் துணியாலேயே மங்கம்மா வீட்டு வாசலில் கிடந்த ஒரு பழைய பித்தளைச் செம்பைத் தேய்த்தாள். கழுவினாள். செம்பு பளீரென்று சிரித்தது. ஒரு பொட்டுக் கறுப்பில்லை.

"ஏனிது மாயே?" என்று, இதென்ன மாயம் என்பதுபோல, மங்கம்மா வாயைப் பிளந்தாள். செம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "பாருங்க ரீ, நம்ம தளி மண்ணு மாதிரி எங்கயாவது உண்டா!" என்றாள்.

"இது தளி மண்ணு இல்லம்மா. பாலைவனத்து மண்ணு. காத்துல வந்தது."

"தளிக்கு வந்தாச்சில்ல? அப்ப நம்மதுதான்."

ஜெயமணி ஒரே டப்பாவிலிருந்து வந்த மாதிரியான இரண்டு தூசியையும் நினைத்துப் பார்த்தாள். அங்கே குடத்தைக் கறுக்கவைத்ததும் இங்கே செம்பை மின்னவைத்ததும் ஒரே வானத்திலிருந்து விழுந்ததுதான். சத்யப்ரியா சொன்னபோது பாதிதான் நம்பினாள். இப்போது கண்ணால் கண்டபிறகு முழுசாக நம்பினாள். அப்படிப்பட்டவள் அவள், தன் கை தேய்த்துப் பார்க்காத எதையும் நம்பமாட்டாள்.

ஒரு குலவை போட்டுக் காட்டச் சொல்லி மங்கம்மா நச்சரித்துக்கொண்டே இருந்தாள். "மண்டபத்துலதான்" என்று ஜெயமணி தப்பித்துக்கொண்டே வந்தாள். போட்டுப் பார்க்க அவளுக்கே பயம். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால், காலையில் மாட்டுக்கொட்டகைப் பக்கம் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். உள்ளே ஏதோ ஒரு சத்தம். கன்றுக்குட்டிக்குத் தொண்டையில் ஏதாவது சிக்கிக்கொண்டதோ என்று எட்டிப்பார்த்தால், மங்கம்மா எருமைக்கு முன்னால் நின்று, வாயைக் குவித்து, "லு லு லு" என்று முயற்சி செய்துகொண்டிருந்தாள். எருமை மிரண்டு கயிற்றை இழுத்தது. கறக்க வந்த ஆள் காலிச் சொம்போடு ஓரமாக நின்றான்.

"மூணு நாளா பால் சரியா எறங்கல. இதனாலதானா?" என்றான் அவன்.

மங்கம்மாவின் முகம் சிவந்துவிட்டது. "உங்க பக்கம் ஒத்த ஆள் வெச்சிக்கிட்டு இவ்ளோ பேசறாங்க. எங்க பக்கமும் ஒரு ஆள் வேணாமா ரீ?"

ஜெயமணிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நாக்கு பல்லுல படக் கூடாதும்மா. இப்படி, ரெண்டு கடவாய்க்கும் போயிப் போயி வரணும்" என்று காட்டப்போனவள், தன்னையறியாமல் குலவையே போட்டுவிட்டாள். வந்தது. தெளிவாக வந்தது. எருமைகூடக் காதைச் சாய்த்துக் கேட்டது. ஆனால் பழைய நீளத்துக்குப் போகுமுன் மூச்சு முட்டி அறுந்தது.

மங்கம்மா அவளையே பார்த்தாள். "இவ்ளோதானா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. மாட்டுக்கொட்டகையிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னாள்: மாடி பெருக்கினது, குடம் கறுத்தது, மிளகாய் போட்டது, அரிசிப் பானையில் குழலை ஒளித்தது. "தேன்கனிக்கோட்டை வரைக்கும் கேக்கும்னு சொல்லிட்டேன். நடுவுல நின்னா இனிமே வாய் திறக்க மாட்டேன்னும் சொல்லிட்டேன். லட்சுமியம்மா மொகத்த எப்படிப் பாப்பேன்?"

மங்கம்மா "ஹௌதா" என்று மட்டும் முனகிவிட்டுத் தவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள். அந்த 'ஹௌதா'வுக்கு என்ன அர்த்தம் என்று ஜெயமணிக்குப் புரியவே இல்லை. இரண்டு நாளும் பக்கத்தில் போய்க் கேட்கத் துணிச்சலும் வரவில்லை.

முகூர்த்தத்தன்று மண்டபம் நிறைந்துவிட்டது. கந்தன் முன்வரிசையில், மனைவிக்கு அல்ல, தனக்கே மூச்சு முட்டுவதுபோல உட்கார்ந்திருந்தான். லட்சுமியம்மாள் பட்டுச்சேலையில் மிதந்தாள். "ஆரம்பிக்கட்டும், அப்ப தெரியும்" என்று போகிற வருகிறவரிடமெல்லாம் சொன்னாள். ஜெயமணி மணவறை ஓரத்தில் இடுப்பில் கையூன்றி நின்றாள். இடுப்புச் சுருக்கில் மருந்துக் குழல் இருந்தது.

"கெட்டிமேளம்!" என்றார் ஐயர்.

வாலகம் வெடித்தது. மாப்பிள்ளை தாலியை எடுத்தான். ஜெயமணி கண்ணை மூடி, அடிவயிற்றிலிருந்து மூச்சை இழுத்து, நாக்கைச் சுழற்றினாள். குலவை எழுந்தது. நாதஸ்வரத்துக்கு மேலே ஏறியது. முதல் முடிச்சு விழுந்தது. பெண்வீட்டார் கைதட்டினார்கள். லட்சுமியம்மாள் எதிர்ப்பக்கத்தைப் பார்த்துத் தாடையைத் தூக்கினாள். இரண்டாவது முடிச்சு. ஜெயமணியின் கழுத்து நரம்பு புடைத்தது; நெஞ்சுக்குள் எலி லேசாகக் கத்தத் தொடங்கியது. மூன்றாவது முடிச்சு போட நாத்தனார் குனிந்தாள். குலவை நடுங்கியது, மெலிந்தது, அறுந்தே போகிறது என்று ஜெயமணிக்குத் தெரிந்துவிட்டது.

அந்த நேரத்தில் எதிர்ப்பக்கமிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. குலவையா, கன்றின் குரலா என்று சொல்ல முடியாத சத்தம். மாப்பிள்ளையின் அம்மா மங்கம்மா, கெட்டிக்காப்புக் கையை வாயருகே வைத்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கி, "லு லு லு லு" என்று போட்டுக்கொண்டிருந்தாள்! நாதஸ்வரக்காரர் சிரிப்பில் வாயிலிருந்த சீவாளியை விட்டுவிட்டார். மேளம் நின்றது. சத்யப்ரியாவின் தோள் சிரிப்பில் குலுங்க, நாத்தனார் முடிச்சுப் போட முடியாமல் தவித்தாள். ஜெயமணிக்கு ஒரு மூச்சு இழுத்துக்கொள்ள அவ்வளவு நேரம் போதும். மறுபடி ஏறினாள். இரண்டு குலவையும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து, மூன்றாவது முடிச்சு இறுகுகிறவரை ஓயவில்லை.

மண்டபமே கைதட்டியது. லட்சுமியம்மாள் ஓடிவந்து மங்கம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "பாத்தீங்களா? எங்க கொலவைக்கு உங்க வாயே தொறந்துடுச்சு!"

"உங்க ஆளு நடுவுல மூச்சு வாங்கினாங்க. நான் பாத்தேன்" என்றாள் மங்கம்மா.

ஜெயமணி சேலைத் தலைப்பை இழுத்து வாயை மூடிக்கொண்டாள்.

"ஆனா நான் போட்டதால வாங்கினாங்க. என் சத்தத்துக்குச் சிரிப்பு வந்துடுச்சு அவங்களுக்கு. அது கணக்குல சேராது" என்று மங்கம்மாவே தீர்ப்பையும் சொல்லிவிட்டு, ஜெயமணியைப் பார்த்துக் கண்ணடித்தாள். "வாய் மூடிக்காதீங்க. எனக்கு இன்னும் சரியா வரல. சொல்லிக்கொடுக்க ஆள் வேணும்."

ஓசூர் திரும்பிய ஜெயமணி, மாடித் தூசி டப்பாவை மூடியோடு சத்யப்ரியாவின் ஆபீசுக்குக் கொடுத்தனுப்பினாள். "உன் மெஷினுக்குத் தீனி" என்று சொல்லியனுப்பினாள். கொட்டகையில் வாயையும் மூக்கையும் ஈரத்துணியால் கட்டிக்கொண்டாள். டாக்டர் சொன்ன நல்ல முகமூடியைச் சின்னராஜ் வாங்கிவந்த பிறகு அதை மாட்டிக்கொண்டாள். காற்று அடிக்கிற மூலையில் ஈரச்சாக்குத் திரை தொங்கியது. விழுகிற தூசி நேராகத் தண்ணீர்த் தொட்டிக்குள் போயிற்று. அவள் பேச்சு குறைந்ததா என்றால், அதுதான் இல்லை. முகமூடிக்குள்ளிருந்தே பேசினாள், சின்னராஜுக்குப் பாதி புரியாமல், அவர் அதற்கும் சேர்த்துத் தலையாட்டினார். அரிசிப் பானைக்குப் போன குழல் இப்போது ஜன்னல் ஓரத்தில் எண்ணெய்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் பகிரங்கமாக நின்றது.

அடுத்த வருஷம் கோடையிலும் ஒருநாள் வானம் மஞ்சளாக விடிந்தது. ஜெயமணி ஜன்னலைச் சாத்தினாள். வரிசை வீடுகளின் கதவை ஒவ்வொன்றாகத் தட்டி, "யாரும் மாடிய வறட்டுப் பெருக்கா பெருக்காதீக. ஈரத்துணி போட்டுத் துடைங்க. பாலைவனத்து மண்ணு நல்ல மண்ணுதான், ஓசூருக்குள்ள வந்ததும் கெட்டுப்போயிருது" என்று சொல்லிவிட்டு வந்தாள். அப்புறம் கந்தனின் செல்போனிலிருந்து தளிக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தாள். உடனே மங்கம்மா கூப்பிட்டாள்.

"அங்கயும் வந்துருச்சாம்மா?"

"வந்துடுச்சி ரீ. செம்பெல்லாம் எடுத்து வெச்சிருக்கேன் தேய்க்க. இருங்க, ஒண்ணு கேளுங்க."

போனுக்குள்ளிருந்து ஒரு குலவை வந்தது. போன வருஷத்தைவிட நீளம். பின்னால் எங்கேயோ எருமை ஒன்று கத்தியது. ஜெயமணி கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, கடைசிவரை கேட்டாள்.

"இன்னும் நாக்கு பல்லுல படுதும்மா" என்றாள்.